கடைசி அண்ணனின் இறக்கை



இந்த முறை சுவர் இதழுக்கு நான் கவிதையோ விடுகதையோ கொடுக்கவில்லை. ஒரு கருத்து சொல்லப் போகிறேன். எங்க வகுப்பிலேயே சிலருக்குக் கோபம் வரலாம். முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

விஷயம் இதுதான். ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பு 'காட்டு அன்னங்கள்' கதையை நாடகமாகப் போடுகிறது. நூலகப் பாடவேளையில் தமிழ் டீச்சர் வாசிச்சுக் காட்டிய கதை அது. போன வாரம் ஒத்திகை நடந்தபோது கதையில் மூன்று மாற்றம் செய்யலாம் என்று பேசினார்கள். ஒன்று, கடைசியில் அந்த இளைய அண்ணனுக்கு ஒரு கை இல்லாமல் இறக்கை இருப்பது பார்ப்பவர்களுக்குச் சங்கடமா இருக்கும், அதனால் அவனுக்கும் முழுக் கை வந்துவிட்டதாகக் காட்டலாம். இரண்டு, ராஜா கல்யாணத்தைப் பெரிய சீனா போடலாம். மூன்று, திரை மூடும்போது எல்லாரும் சேர்ந்து "பெண்ணுக்குப் பொறுமையே அழகு" என்று சொல்லலாம்.

சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்க என்றார்கள். மூணு பேர் தவிர எல்லாரும் தூக்கினார்கள். அந்த மூணு பேரில் நானும் ஒருத்தி. ஏன் தூக்கலன்னு கேட்டாங்க. எனக்கு அப்போ சொல்லத் தெரியல. தொண்டை அடைச்சுக்கிச்சு. அதனால்தான் உட்கார்ந்து யோசித்து இங்கே எழுதுகிறேன்.

கதை தெரியாத தம்பி தங்கைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எழுதியவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். டென்மார்க் நாட்டுக்காரர். 1805 ஏப்ரல் 2 அன்று ஓடென்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அந்த நாளைத்தான் உலகம் முழுக்கச் சர்வதேசக் குழந்தைகள் புத்தக நாளாகக் கொண்டாடுகிறார்கள். 'காட்டு அன்னங்கள்' வெளிவந்த ஆண்டு 1838.

ஒரு ராஜாவுக்குப் பதினோரு பையன்கள், ஒரே ஒரு பெண். அவள் பெயர் எலிசா. அம்மா இறந்த பிறகு ராஜா வேறொரு ராணியைக் கட்டுகிறார். அவள் சூனியக்காரி. எலிசாவைக் கிராமத்தில் ஒரு குடியானவர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். பையன்களை அன்னப் பறவைகளாக மாற்றிப் பறக்க விட்டுவிடுகிறாள். பகலெல்லாம் அன்னம், சூரியன் மறைந்தால் மனிதர்கள். பதினைந்து வயதில் எலிசா வீட்டுக்குத் திரும்புகிறாள், மறுபடியும் விரட்டப்படுகிறாள், காடு கடந்து கடற்கரையில் அண்ணன்களைக் கண்டுபிடிக்கிறாள். அவர்களை மீட்க ஒரே வழிதான். நெட்டில் என்ற முள்ளுச் செடியைப் பறித்து, காலால் மிதித்து நார் எடுத்து, நீளக் கை வைத்த பதினோரு சட்டை பின்ன வேண்டும். பின்னி முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் முதல் வார்த்தையே அண்ணன்கள் நெஞ்சில் கத்தியாக இறங்கும்.

நெட்டில் என்றால் என்ன என்று சிலர் கேட்டார்கள். நம்ம ஊர் வேலியோரம் காஞ்சொறி, செந்தட்டி என்று சொல்வோமே, அது வேறு செடி. ஆனால் பட்டால் எரிவது ஒரே மாதிரிதான். இலையிலும் தண்டிலும் இருக்கிற சுணை ஊசி மாதிரி தோலில் குத்தி எரிச்சல் தரும் நீரை உள்ளே விடும். கொப்பளிச்சுப் போகும். மாடு பிடிக்கப் போய் காஞ்சொறியில் கால் வைத்தவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அதில் சட்டை செய்ய முடியுமா, சும்மா கதை விடுறாங்க என்று ஒரு தோழன் சிரித்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அறிவியல் சாரிடம் கேட்டதில் அவர் தேடிப் பார்த்துச் சொன்னார். ஆண்டர்சன் பிறந்த அதே தீவில், லூசெஹோய் என்ற பழைய புதைமேட்டில் ஒரு துணி கிடைத்திருக்கிறது. சுமார் 2,800 வருடத்துக்கு முந்தைய துணி. அது நெட்டில் நாரால் நெய்தது என்று 2012ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் சூனியமும் மாயமும்தான் கற்பனை. அந்தச் செடியிலிருந்து நார் எடுத்துத் துணி செய்தது நிஜம்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

இந்தக் கதையில் பாசம் எங்கே இருக்கிறது? கல்யாணத்தில் இல்லை என்பதுதான் என் எண்ணம். சின்னச் சின்ன இடங்களில் இருக்கிறது. எனக்குப் பிடித்த சில இடங்களைச் சொல்கிறேன்.

குடியானவர் வீட்டில் இருக்கும்போது எலிசாவுக்கு விளையாடச் சாமான் கிடையாது. ஒரு பச்சை இலைதான் உண்டு. அதில் ஓட்டை போட்டுச் சூரியனைப் பார்க்கிறாள். அந்த வெளிச்சத்தில் அண்ணன்களின் கண் தெரிகிற மாதிரி இருக்கும் அவளுக்கு. எங்கேயோ இருக்கிறவங்களை நினைக்கிறதுக்கு ஒரு இலை போதும்னு இருக்கு பாருங்க.

பதினைந்து வயதில் அரண்மனைக்கு வந்ததும் ராணி அவள் மேல் வால்நட் சாற்றைப் பூசிக் கறுப்பாக்கி, முடியைக் கலைத்து விட்டுவிடுகிறாள். ராஜா பார்த்துவிட்டு இவள் என் மகளே இல்லை என்று சொல்லிவிடுகிறார். பெற்ற அப்பா! ஆனால் வாசலில் கட்டியிருந்த நாய்க்கு அவளைத் தெரிகிறது. குருவிகளுக்கும் தெரிகிறது. பாவம், அதுங்களால பேச முடியாதே. டீச்சர் இந்த இடத்தை வாசித்தபோது வகுப்பே அமைதியா இருந்தது. சாறைத் தடவிவிட்டால் அடையாளம் போய்விடும் என்றால், அந்த அப்பா அதுவரை எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? எனக்கு இன்னும் ராஜா மேல் கோபம்தான்.

அடுத்தது கடல் கடக்கிற இடம். அண்ணன்கள் கோரையும் மரப்பட்டையும் வைத்து ஒரு வலை பின்னி, அதில் தங்கையைப் படுக்க வைத்து அலகில் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அக்கரை போக ஆண்டிலேயே நீளமான பகல் இரண்டு வேண்டும். நடுக்கடலில் ஒரே ஒரு பாறை. இருட்டுவதற்குள் அதில் இறங்காவிட்டால் எல்லாரும் மனிதர்களாகிக் கடலில் விழுந்து செத்துப் போவார்கள். தங்கையின் பாரம் இருப்பதால் வேகமும் குறைகிறது. இருந்தும் யாரும் அவளை விட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லவில்லை. கடைசி அண்ணன் அவள் தலைக்கு மேலேயே பறந்து, முகத்தில் வெயில் படாமல் இறக்கையால் நிழல் கொடுத்துக்கொண்டே வருகிறான். பாறையில் பன்னிரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றால்தான் இடம் கொள்ளும். அலை மேலே வந்து அடிக்கிறது. அந்த ராத்திரிதான் அந்தக் குடும்பத்துக்கு வீடு.

அப்புறம் குகையில் அவள் பின்ன ஆரம்பித்த பிறகு அண்ணன்கள் வந்து பார்க்கிறார்கள். கையெல்லாம் கொப்புளம். ஏன் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. கடைசி அண்ணன் அவள் கையைப் பார்த்து அழுகிறான். அவன் கண்ணீர் விழுந்த இடத்தில் மட்டும் எரிச்சல் நின்றுவிடுகிறது.

கவனித்தீர்களா? வெயிலுக்கு நிழல் கொடுத்ததும் அவன்தான். கைக்கு மருந்தானதும் அவன்தான். அதே அண்ணனுக்குத்தான் கடைசியில் சட்டை முழுசா முடியவில்லை. எலிசாவைச் சூனியக்காரி என்று சொல்லி எரிக்க வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போதும் அவள் பின்னிக்கொண்டே இருக்கிறாள். பத்துச் சட்டை காலடியில் கிடக்கிறது, பதினோராவது கையில். கூட்டம் அதைப் பிடுங்கிக் கிழிக்க வருகிறது. அன்னங்கள் வந்து வண்டியைச் சுற்றி உட்கார்ந்து தடுக்கின்றன. நேரமில்லாமல் அப்படியே அவர்கள் மேல் வீசுகிறாள். பதினோராவது சட்டையில் ஒரு கை பின்னவில்லை. அதனால் கடைசி அண்ணனுக்கு ஒரு பக்கம் கை, ஒரு பக்கம் அன்ன இறக்கை.

இந்த இறக்கையைத்தான் வேண்டாம் என்கிறார்கள். நான் வேண்டும் என்கிறேன்.

முழுக் கை வந்துவிட்டதாகக் காட்டினால் என்ன ஆகும்? எலிசா பட்டது எதுவுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். கொப்புளம் ஆறிவிடும், சட்டை பழசாகிவிடும், ஊர் மறந்துவிடும். அந்த இறக்கை மட்டும்தான் சாகும் வரை இருக்கும். அவன் சாப்பிட உட்காரும்போது, சட்டை போடும்போது, தினமும் தங்கை செய்ததை நினைக்காமல் இருக்க முடியாது. அது அவனுக்கு ஊனம் என்று மட்டும் பார்க்கிறவர்கள் பாவப்படுகிறார்கள். நான் அதைச் சாட்சி என்று பார்க்கிறேன். அதோடு, ஒரு கை இல்லாத அண்ணனைப் பார்த்தால் சங்கடமா இருக்கும் என்று சொல்வதே எனக்குப் பிடிக்கவில்லை. நம்ம பள்ளியிலேயே கால் ஊனமான தம்பி ஒருவன் இருக்கிறான். அவனும் கீழே உட்கார்ந்து இந்த நாடகத்தைப் பார்ப்பான். ஒரு குறையோடவும் கதையில் ராஜகுமாரனா இருக்கலாம்னு அவன் பார்த்தா என்ன தப்பு?

இன்னொரு விஷயம். ஆண்டர்சனுக்கு முன்பே, 1812இல், ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 'ஆறு அன்னங்கள்' என்று இதே மாதிரி ஒரு கதையை வெளியிட்டிருக்கிறார்கள். அதில் ஆறு அண்ணன்கள், ஆறு வருடம் பேசாமலும் சிரிக்காமலும் இருக்க வேண்டும், பூக்களால் சட்டை தைக்க வேண்டும். செடி மாறியிருக்கிறது, எண்ணிக்கை மாறியிருக்கிறது. ஆனால் அதிலும் கடைசிச் சட்டையில் இடது கை முடியவில்லை, அதிலும் இளையவனுக்கு இறக்கை அப்படியே இருக்கிறது. அவர்களுடைய 'ஏழு காக்கைகள்' கதையில் கண்ணாடி மலைக் கதவைத் திறக்கும் சாவியைத் தொலைத்துவிட்ட தங்கை, தன் சுண்டு விரலை வெட்டிச் சாவியாக்கி அண்ணன்களை மீட்கிறாள். பாட்டி காலத்திலிருந்து சொல்லிச் சொல்லி வந்த கதைகளில் எல்லாம் ஏதோ ஒன்று திரும்பக் கிடைக்காமல் போகிறது. சொன்னவர்களுக்கு அதைச் சரி செய்யத் தெரியாமலா விட்டார்கள்? மந்திரக் கதைதானே, ஒரு வரியில் கையை ஒட்ட வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நாம மட்டும் ஏன் வைக்கணும்?

இப்போது அந்தப் "பொறுமையே அழகு" வசனம்.

எலிசா பேசாமல் இருந்தது உண்மைதான். ஆனால் யாராவது "வாயை மூடு, நீ பொண்ணு" என்று சொன்னதால் அவள் பேசாமல் இருக்கவில்லை. பேசினால் பதினோரு உயிர் போய்விடும் என்று தெரிந்து, அவளே முடிவு பண்ணி வாயைக் கட்டிக்கொண்டாள். சும்மாவும் உட்காரவில்லை. ராத்திரி தனியாகச் சுடுகாட்டுக்கு, அவங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் செடி பறித்தாள். அங்கே பேய்கள் உட்கார்ந்திருந்தன. அவற்றைத் தாண்டித்தான் போனாள். நம்மில் எத்தனை பேர் போவோம்? இதற்குப் பெயர் பொறுமை இல்லை, தைரியம். அடம் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் பேசாததால் நல்லது நடந்தது என்று சொல்வதும் சரியில்லை. அவள் பேசாததால் அண்ணன்கள் பிழைத்தார்கள். ஆனால் அவளுக்கு என்ன நடந்தது? ஒரு ராஜா அவளைக் காட்டில் பார்த்து அழைத்துப் போய் ராணியாக்கினார். ஆசையாகத்தான் வைத்திருந்தார், அவள் குகை மாதிரியே ஒரு அறை செய்து கொடுத்தார். ஆனால் தலைமைக் குரு அவளைச் சூனியக்காரி என்று சொன்னதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கண்ணீர் விட்டார், ஆனால் ஊர் தீர்ப்பு சொல்லட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார். ஊர் எரிக்கச் சொன்னது. வாய் திறக்காத பெண்ணைப் பற்றி யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதைத்தான் கதை காட்டுகிறது. இதில் போய் பொறுமைதான் அழகுன்னு எப்படிச் சொல்றது?

அவள் சட்டைகளை வீசி முடித்ததும் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? பேசியதுதான். தான் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று எல்லார் முன்னாடியும் சொல்கிறாள். சொல்லிவிட்டு மயங்கி விழுகிறாள். அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் மூத்த அண்ணன் எடுத்துச் சொல்கிறான். அவன் சொல்லச் சொல்ல, எரிக்க அடுக்கிய விறகெல்லாம் ரோஜாச் செடியாகப் பூக்கிறது.

இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இதை நம்ம நாடகத்தில் சேர்க்கவே இல்லை! கல்யாண சீனுக்கு நேரம் வேண்டும் என்று வெட்டிவிட்டார்கள். தங்கை தன் கஷ்டத்தைத் தானே சொல்லத் தெம்பில்லாமல் விழுந்தபோது, யாருக்காகப் பின்னினாளோ அவர்களில் ஒருவன் எழுந்து நின்று சொல்கிறான். அப்படிச் சொல்வதுதான் அண்ணனுடைய பாசம். சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் அரண்மனைக்குப் போயிருந்தால் அவன் என்ன அண்ணன்?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் அக்காவால்தான். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போகிறாள். டி-சர்ட்டுக்குக் கை வைத்துத் தைக்கிற வேலை. மாசா மாசம் பணம் அனுப்புகிறாள். இந்தக் கட்டுரை எழுதுகிற ஸ்கெட்ச் பேனாவும் அதில் வாங்கியதுதான். தீபாவளிக்கு வந்தபோது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிய தழும்பைப் பார்த்தேன். கேட்டதுக்கு ஒன்னுமில்லடின்னு சொல்லிட்டா. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "பொறுமையான பொண்ணு" என்று பாராட்டுவார்கள். அவள் நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள் என்பதை யாரும் சொல்வதில்லை. அண்ணனும் சொன்னதில்லை. நானும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். பெற்றவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் பொறுமை என்று ஒரு வார்த்தையைச் சொல்லி மூடிவிட்டால், அவள் கொடுத்தது என்ன என்று எங்களுக்கே மறந்து போய்விடும்.

ஆண்டர்சனுக்கும் இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவருடைய அப்பா செருப்புத் தைத்தவர், ஆண்டர்சனுக்குப் பதினோரு வயதில் இறந்து போனார். அம்மா ஊரார் துணியை வெளுத்துப் பிழைத்தவர். தண்ணீரிலேயே ஊறிய கை எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைதான், கொப்புளம் வந்த கையைப் பற்றி இப்படி எழுத முடியும்.

கதையில் எனக்குப் பிடிக்காத விஷயமும் ஒன்று உண்டு. கெட்டவள் என்றால் சித்திதான். இது ஆண்டர்சன் கதையில் மட்டும் இல்லை. கிரிம் சகோதரர்களின் 'ஹான்செல், கிரெட்டெல்' கதையில் 1812 பதிப்பில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொல்கிறவள் பெற்ற அம்மாதானாம். பிறகு வந்த பதிப்பில் அதைச் சித்தி என்று மாற்றிவிட்டார்கள். அம்மாவைக் கெட்டவளாகக் காட்ட மனசு வரவில்லை போல. பழி சித்தி தலையில் விழுந்துவிட்டது. எங்கள் வகுப்பில் ஒரு தோழியைச் சித்திதான் வளர்க்கிறார். தினமும் அவளுக்கு இரட்டைச் சடை பின்னி விடுவதும் அவர்தான், பெற்றோர் கூட்டத்துக்கு முதல் ஆளாக வருவதும் அவர்தான். ஒத்திகையில் "கொடுமைக்காரச் சித்தி" என்று வசனம் பேசும்போதெல்லாம் அந்தத் தோழி தலையைக் குனிந்துகொள்கிறாள். நான் பார்த்தேன்.

அதனால் என் வேண்டுகோள் இவைதான்.

1. கடைசி அண்ணனுக்கு இறக்கை இருக்க வேண்டும். வெள்ளைச் சார்ட்டை வெட்டி ஒட்டினால் போதும். செய்து கொடுக்க நான் தயார்.

2. கல்யாண சீனைக் குறைத்து, மூத்த அண்ணன் பேசுகிற சீனைச் சேர்க்க வேண்டும்.

3. "பொறுமையே அழகு" வசனம் வேண்டாம். எலிசா பேசுகிற பேச்சோடு அண்ணன் பேச்சும் முடிந்ததும் திரை மூடட்டும்.

4. வசனத்தில் "சித்தி" என்று வருகிற இடத்தில் எல்லாம் "சூனியக்கார ராணி" என்று மாற்ற வேண்டும்.

கல்யாணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூ தூவுகிற வேலைக்காக ஆறாம் வகுப்புத் தங்கைகள் ஆசையாகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியும். அந்தப் பூவை ரோஜாச் செடி பூக்கிற இடத்தில் தூவலாமே.

நான் சொன்னதில் தவறு இருந்தால் பெரியவர்கள் மன்னிக்கவும். கை தூக்கிய தோழிகளும் கோபப்பட வேண்டாம். இந்தத் தாளுக்குக் கீழே பாதித் தாள் காலியாக ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் பென்சில் கட்டித் தொங்க விட்டிருக்கிறேன். உங்கள் கருத்தை அதில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து படித்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

அக்கா பொங்கலுக்கு வருவாள். அதுவரை இந்தத் தாளைக் கிழிக்காமல் இருந்தால் அவளை அழைத்து வந்து காட்டுவேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி